கண்டன்சர் வேக்யூம் குறைகிறது: டவரா, ட்யூபா, காற்றா?

இரவு_ஷிஃப்ட்:

60 மெகாவாட் கண்டன்சிங் டர்பைன். முழு லோடில் மணிக்கு 235 டன் ஸ்டீம்; பிளீடுகள் (டர்பைன் நடுவிலிருந்து ஹீட்டர்களுக்கு எடுக்கும் ஸ்டீம்) போக கண்டன்சருக்கு இறங்குவது சுமார் 170 டன். விசிறி வைத்த கூலிங் டவர், கண்டன்சரிலிருந்து காற்றை இழுக்கும் இரண்டு கட்ட ஸ்டீம் எஜெக்டர், அட்மிரால்டி பித்தளை ட்யூப்.

கமிஷனிங் ரீடிங்: கண்டன்சர் அழுத்தம் 0.085 பார் அப்சல்யூட், கூலிங் வாட்டர் உள்ளே 30 டிகிரி, வெளியே 39, வெட் பல்ப் (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் காற்று வெப்பநிலை) 26.

இப்போது அதே லோடில்: 0.13 பார், உள்ளே 32.5, வெளியே 42.5, வெட் பல்ப் 27.5.

டவர் போய்விட்டது, ஃபில் (டவருக்குள் தண்ணீரைப் பரப்பி விடும் அடுக்கு) மொத்தமும் மாற்ற வேண்டும் என்று பேச்சு ஓடுகிறது. மூன்று சந்தேகம். டவரா கண்டன்சரா என்று இந்த எண்களை வைத்தே சொல்ல முடியுமா? டவரில் குறைவதை ஈடுகட்ட விடும் மேக்கப் தண்ணீரின் மீட்டர் மணிக்கு 230 கன மீட்டர் காட்டுகிறது, அது அதிகமா? கடைசியாக, அடிப்படைக் கேள்விதான்: எரிபொருளில் வரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் டவர் வழியாக வானத்துக்குப் போகிறது. அந்த ஸ்டீமைத் தண்ணீராக்காமல் அப்படியே பாய்லருக்குள் திருப்பி அனுப்ப முடியாதா? இல்லையென்றால் அந்த வெப்பத்தை வேறு எதற்காவது எடுக்க முடியாதா?


ஹாட்வெல்:

டவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கூட்டல் கணக்கு போடலாம். கண்டன்சர் அழுத்தம் என்பது, அங்கே ஸ்டீம் எந்த வெப்பநிலையில் தண்ணீராகிறது என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். ஸ்டீம் டேபிளில் 0.085 பாருக்கு எதிரே 42.7 டிகிரி இருக்கும், 0.13 பாருக்கு 51. அந்த வெப்பநிலைக்கு மூன்று படி ஏறி வர வேண்டும்: தண்ணீர் உள்ளே வரும் வெப்பநிலை, கண்டன்சருக்குள் அது ஏறும் அளவு, வெளியேறும் தண்ணீருக்கும் ஸ்டீமுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. கடைசியதை டிடிடி என்பார்கள்.

அன்று: 30 + 9 + 3.7 = 42.7
இன்று: 32.5 + 10 + 8.5 = 51

மொத்த உயர்வு 8.3 டிகிரி. அதில் உள்வரும் தண்ணீரின் பங்கு 2.5. அதிலும் 1.5 டிகிரி வெட் பல்ப் உயர்ந்ததால் வந்தது. அதற்கு வானிலைதான் பொறுப்பு. தண்ணீருக்கும் வெட் பல்புக்கும் உள்ள இடைவெளி, அதாவது அப்ரோச், 4-லிருந்து 5 ஆகியிருக்கிறது. டவர் செய்த தப்பு அந்த ஒரு டிகிரி மட்டுமே. வெப்பநிலை ஏற்றம் 9-லிருந்து 10 ஆனதற்குக் காரணம் தண்ணீர் ஓட்டம் 8 சதவீத அளவுக்குக் குறைந்திருப்பது. மிச்சம் 4.8 டிகிரி முழுக்க டிடிடி. அது கண்டன்சருக்குள் நடக்கும் விஷயம். ட்யூபில் அழுக்கு, அல்லது ஸ்டீம் பக்கம் காற்று.

ஃபில் மாற்றினால் அந்த ஒரு டிகிரியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பெரிய பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டியதாக முடியும்.

இதையெல்லாம் நம்புவதற்கு முன்னால் கருவிகளைச் சோதியுங்கள். எக்ஸாஸ்ட் ஹுட் வெப்பநிலை 51-க்கு அருகில் இருக்கிறதா? அழுத்தம் 0.13 என்று காட்ட, ஹுட் 46 காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பெரும்பாலும் பொய் சொல்வது அழுத்தக் கருவிதான்: இம்பல்ஸ் பைப் தொய்ந்து அதில் தண்ணீர் நிற்கும். கருவியிலிருந்து கண்டன்சரை நோக்கி அந்தப் பைப் ஒரே சரிவாக இறங்க வேண்டும். வேக்யூம் கேஜை வைத்துக் கணக்கு போடுபவர்கள் 760-இலிருந்து கழிக்காமல், அன்றைய பாரோமீட்டர் ரீடிங்கிலிருந்து கழிக்க வேண்டும். பாரோமீட்டர் 745 இருக்கும்போது 650 மில்லிமீட்டர் வேக்யூம் என்றால் அப்சல்யூட் 95, 110 இல்லை. இந்தப் பதினைந்து மில்லிமீட்டருக்காக நடந்த சண்டைகள் ஏராளம்.

வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையும் அப்படித்தான். வாட்டர் பாக்ஸை ஒட்டி ஒரே ஒரு தெர்மோவெல் இருந்தால் அது மேல் ட்யூப் தண்ணீரையோ கீழ் ட்யூப் தண்ணீரையோதான் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு வளைவு தாண்டி, நன்றாகக் கலந்த இடத்தில் எடுத்த ரீடிங்கையே நம்புங்கள்.

இதனால் எவ்வளவு இழப்பு என்று கேட்பார்கள். 8.3 டிகிரி உயர்ந்தால் கண்டன்சருக்கு வரும் ஒவ்வொரு கிலோ ஸ்டீமும் டர்பைனில் சுமார் 45 கிலோஜூல் குறைவாக வேலை செய்கிறது. நொடிக்கு 47 கிலோ வருகிறது. பெருக்கினால் 2 மெகாவாட்டுக்குச் சற்று மேல். 60-இல் இரண்டு.


எஜெக்டர்_27:

கணக்கு சரி. ஆனால் டிடிடி ஏறியதும் ட்யூப் அழுக்கு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காற்றும் அதே வேலையைச் செய்யும். ட்யூபைச் சுற்றிக் காற்று ஒரு போர்வை போலத் தங்கி, ஸ்டீமைத் தொடவிடாமல் தடுக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான்கு ரீடிங் போதும்.

ஹாட்வெல்லில், அதாவது கண்டன்சரின் அடியில் தேங்கும் தண்ணீரின் வெப்பநிலை. ஸ்டீம் வெப்பநிலையை விட அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்திருந்தால் இயல்பு. மூன்று, நான்கு டிகிரி குறைந்திருந்தால் காற்று மேல் சந்தேகம் கொள்ளலாம்.

எஜெக்டருக்குப் போகும் காற்றுக் குழாயின் வெப்பநிலை. ஸ்டீம் வெப்பநிலையை விட நான்கைந்து டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. காற்று அதிகமானால் அங்கே ஸ்டீமின் பங்கு குறைந்து இந்த வித்தியாசம் விரியும்.

கண்டன்சேட்டில் கரைந்த ஆக்ஸிஜன், அதோடு எஜெக்டர் ஆஃப்டர் கண்டன்சர் வெண்ட்டில் காற்றின் அளவைக் காட்டும் ரோட்டாமீட்டர். இரண்டும் உயர்ந்திருந்தால் காற்று நுழைகிறது. ஆக்ஸிஜன் உயர்ந்து ரோட்டாமீட்டர் பழைய இடத்திலேயே நின்றால், காற்று இருக்கிறது ஆனால் எஜெக்டரால் இழுக்க முடியவில்லை. அப்போது எஜெக்டரைப் பாருங்கள்: மோட்டிவ் ஸ்டீம் அழுத்தம் குறைந்ததா, நாசில் தேய்ந்ததா, இன்டர் கண்டன்சர் டிரெயினின் யூ லூப்பில் தண்ணீர் சீல் உடைந்ததா. லூப் உடைந்தால் எஜெக்டர் இழுத்த காற்றே திரும்பக் கண்டன்சருக்குள் வரும். எஜெக்டர் நாள் முழுக்கத் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருக்கும்.

நான்காவது, லோடைக் குறைத்துப் பார்ப்பது. அழுக்கு என்றால் 40 மெகாவாட்டில் டிடிடி லோடுக்கு ஏற்ற விகிதத்தில் இறங்கும். காற்று என்றால் அந்த அளவுக்கு இறங்காது, சில சமயம் ஏறக்கூடச் செய்யும். லோடு குறையும்போது எல்.பி. (குறைந்த அழுத்த) ஹீட்டர்களும் அவற்றின் டிரெயின் லைன்களும் கூட வெளிக் காற்றழுத்தத்துக்குக் கீழே போய்விடுவதால் ஓட்டைகளின் எண்ணிக்கை கூடும்.

இவற்றுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் வேக்யூம் டிராப் டெஸ்ட். காற்று இழுக்கும் வால்வை மூடி, முதல் நிமிடத்தைக் கழித்துவிட்டு அடுத்த ஐந்து நிமிடம் அழுத்தம் ஏறுவதைக் குறியுங்கள். நிமிடத்துக்கு 1 மில்லிபார் அளவில் என்றால் இறுக்கமான கண்டன்சர். 3-ஐத் தாண்டினால் ஓட்டை தேடக் கிளம்ப வேண்டியதுதான்.

தேடும் இடங்கள், அடிக்கடி மாட்டும் வரிசையில்: எல்.பி. கிளாண்டில் சீல் ஸ்டீம் அழுத்தம் போதாமை, வேக்யூம் பிரேக்கர் வால்வின் தண்ணீர் சீல் காய்ந்துபோவது, எக்ஸாஸ்ட் ஹுட் மேலே இருக்கும் ரிலீஃப் டயஃப்ரம், டர்பைனுக்கும் கண்டன்சருக்கும் நடுவே உள்ள பெல்லோஸ், கண்டன்சேட் பம்ப் கிளாண்ட், ஹாட்வெல் கேஜ் கிளாஸ், ஹீட்டர் வெண்ட் வால்வுகளின் கிளாண்ட் பேக்கிங். ஓடும்போதே தேட ஹீலியம் நல்லது: வெண்ட்டில் டிடெக்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஹீலியம் விட வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் ஹீலியம் மேலே போகும். கீழே முதலில் விட்டால் மேலே உள்ள ஓட்டையும் சேர்ந்து காட்டி ஆளைக் குழப்பும்.


ஹாட்வெல்:

ஒரு எச்சரிக்கை. இப்போதுள்ள 0.13 பாரில் முழு லோடில் அந்த டிராப் டெஸ்ட்டைச் செய்யாதீர்கள். காற்றை மூடும்போது அலாரத்துக்கும் டிரிப்புக்கும் நடுவே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. 35, 40 மெகாவாட்டுக்கு இறக்கி, வால்வருகே கையை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க, எந்த எண்ணில் திரும்பத் திறப்பது என்று முன்பே பேசி வைத்துச் செய்யுங்கள்.

ஷட்டவுனில் ஸ்டீம் பக்கம் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்ப்பவர்களுக்கும் ஒன்று: கண்டன்சர் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருந்தால் முதலில் ஜாக் போல்ட்டால் தாங்கல் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர். மறந்தால் அத்தனை டன் எடையும் டர்பைன் கேசிங்கில் தொங்கும்.


இரவு_ஷிஃப்ட்:

ரீடிங் எடுத்துவிட்டோம். எக்ஸாஸ்ட் ஹுட் 51, ஹாட்வெல் 50.5, காற்றுக் குழாய் 47. கரைந்த ஆக்ஸிஜன் பழைய அளவே. ரோட்டாமீட்டர் அசையவில்லை. 40 மெகாவாட்டில் டிடிடி 5.6. வாட்டர் பாக்ஸ் உள்-வெளி அழுத்த வித்தியாசம் கூடியிருக்கிறது, பம்ப் டிஸ்சார்ஜ் அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

லேப் ரிப்போர்ட்டும் தருகிறேன். மேக்கப் தண்ணீரோடு ஒப்பிட்டால் சுற்றும் தண்ணீரில் குளோரைடு 4.2 மடங்கு, மெக்னீசியம் 4.1 மடங்கு, கால்சியம் 3.3 மடங்கு. மேக்கப்பில் கால்சியம் கடினத்தன்மை 100 பிபிஎம். சி.ஓ.சி. (மேக்கப்பை விட உப்பு எத்தனை மடங்கு செறிந்தது என்ற எண்) 2.5-க்குள் ஓட்டுகிறோம் என்று நினைத்திருந்தோம், அதனால் ஆசிட் டோசிங்கும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.


நீர்வேதி:

விடை உங்கள் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது.

குளோரைடும் மெக்னீசியமும் நான்கு மடங்குக்கு மேல் செறிந்திருக்க, கால்சியம் மட்டும் 3.3 மடங்கில் நிற்கிறது. காணாமல் போன கால்சியம் காற்றில் போகவில்லை. கார்பனேட்டாக எங்கோ படிந்துகொண்டிருக்கிறது. (குளோரைடை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஹைப்போகுளோரைட் போடும் டவரில் அதுவே குளோரைடை ஏற்றிவிடும். மெக்னீசியமும் சேர்ந்து ஒத்துப்போவதால் இங்கே நம்பலாம்.)

எங்கே படியும்? கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளுக்கு நேர்மாறு: தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைவது குறையும். சுற்றில் தண்ணீர் மிகச் சூடாகும் இடம் ட்யூபின் கடைசிப் பாஸ், அதிலும் சுவரை ஒட்டிய படலம். அதனால் அங்கேதான் முதலில் பிடிக்கும். மேலே டவரில் கார்பன் டைஆக்ஸைடு காற்றோடு போய் பி.எச். ஏறுவதும் இதற்குத் தோள் கொடுக்கும்.

உங்கள் எண்களை வைத்து எவ்வளவு படிந்திருக்கும் என்று பார்க்கலாம். 9-க்கு 3.7 என்பதிலிருந்து 10-க்கு 8.5 என்று மாறியதில், ஓட்டக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெப்பம் கடத்தும் திறன் பழையதில் 58 சதவீதமாகியிருக்கிறது. சுத்தமான நிலையில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2,800 வாட் என்று எடுத்துக்கொண்டால் இப்போது சுமார் 1,620. கூடுதல் தடையைக் கார்பனேட்டின் தடிமனாக மாற்றினால் அரை மில்லிமீட்டர்தான். அதே தடையைப் பாசி, நுண்ணுயிர்ப் படலம் தந்திருந்தால் 0.16 மில்லிமீட்டரே போதும். விரலால் தடவினால் வழுக்குகிறது என்று மட்டுமே தெரியும் அளவு அது. ஆகவே ட்யூப் திறந்ததும் கண்ணால் பார்த்து "பரவாயில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடாதீர்கள். சுரண்டி எடுத்து நீர்த்த அமிலத்தில் போடுங்கள். பொங்கினால் கார்பனேட். பொங்காமல் கலங்கினால் சேறு, களிமண். எரித்தால் எடை பாதியாகிறது என்றால் உயிர்ப் படலம்.

அடுத்து மேக்கப். ஆவியாகும் தண்ணீருக்குக் கைக்கணக்கு: சுற்றும் தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் அதில் 1.5 சதவீதம் போகும். உங்கள் ஓட்டம் மணிக்கு 9,100 கன மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஆவி சுமார் 139. சி.ஓ.சி. 4.2 என்றால் ஆவியை 3.2-ஆல் வகுத்தால் 43. ப்ளோடவுன் (வேண்டுமென்றே வெளியேற்றுவது), டிரிஃப்ட் (காற்றோடு பறக்கும் துளி), பேசின் கசிவு எல்லாம் இந்த 43-க்குள் அடக்கம். இரண்டையும் கூட்டினால் மேக்கப் 182 போதும். மீட்டர் 230 காட்டுகிறது. 230-ஐ வைத்து நீங்கள் சி.ஓ.சி.யைப் பின்னோக்கிக் கணக்கிட்டிருப்பீர்கள்: 230-இல் 139 போனால் 91, அதனால் 2.5. தண்ணீர் வேறு சொல்கிறது.

அந்த 48 கன மீட்டர் டவருக்கு வரவே இல்லை. பேசினில் ஓட்டை என்று தேட வேண்டாம்: பேசின் ஓட்டையில் போவதும் செறிந்த தண்ணீர்தான், அப்படியென்றால் சி.ஓ.சி. உண்மையிலேயே 2.5-க்கு இறங்கியிருக்கும். மீட்டருக்கும் பேசினுக்கும் நடுவே ஒரு கிளை லைன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சர்வீஸ் வாட்டர், தீயணைப்பு டேங்க், சாம்பல் நனைக்கும் லைன், இப்படி ஏதாவது ஒன்று. இல்லாவிட்டால் மீட்டர் தப்பு.

இந்த ஒரே தப்புதான் மற்றதற்கெல்லாம் வேர். 2.5 என்று நம்பி ஆசிட்டை நிறுத்தினார்கள், உண்மையில் 4.2-இல் ஆசிட் இல்லாமல் ஓடியது. படிவின் வேகமும் தெரிகிறது. மேக்கப்பில் மணிக்கு 18.2 கிலோ கால்சியம் கார்பனேட் வருகிறது, வெளியேறும் 43 கன மீட்டரில் 330 பிபிஎம் கணக்கில் 14.2 கிலோ போகிறது. மணிக்கு 4 கிலோ உள்ளேயே தங்குகிறது. நாளுக்கு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

சரிசெய்ய: கந்தக அமில டோசிங்கைத் திரும்பத் தொடங்கி ஆல்கலினிட்டியைக் குறையுங்கள். பி.எச். மீட்டரை மட்டும் நம்பி ஆட்டோவில் விடாதீர்கள். எலெக்ட்ரோடு அழுக்கானால் ஆசிட் கொட்டிக்கொண்டே இருக்கும், பித்தளை ட்யூபும் கான்கிரீட் பேசினும் சேர்ந்து போகும். அமிலம் பேசினில் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பம்ப் சக்ஷனுக்குப் பக்கத்தில் விழுந்தால் கலக்காமல் நேராக ட்யூபுக்குப் போகும். கார்பனேட் படிவைத் தடுக்கும் பாஸ்ஃபோனேட், பாலிமர் டோசிங் தனி. சி.ஓ.சி.யை 4-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 2.5-லிருந்து 4-க்குப் போனால் ப்ளோடவுனில் மணிக்கு 46 கன மீட்டர் மிச்சம். 4-லிருந்து 6-க்கு 18. 6-லிருந்து 8-க்கு வெறும் 8. மேலே போகப் போக மிச்சமாகும் தண்ணீரை விடத் தலைவலி அதிகம்.


எஜெக்டர்_27:

காற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 40 மெகாவாட்டில் 5.6 என்பது 8.5-இல் சரியாக மூன்றில் இரண்டு. அழுக்குக்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து கிடையாது.

ஆசிட் சுற்ற விட்டால் ஒரே நாளில் முடியும். சல்ஃபாமிக் 5 சதவீதம், பித்தளைக்கான இன்ஹிபிட்டரோடு.


நீர்வேதி:

ஒரே நாள் என்பது டெண்டர் போடுபவர் சொல்லும் கணக்கு. இந்தக் கண்டன்சருக்குப் பரப்பு 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். அரை மில்லிமீட்டர் கெட்டிக் கார்பனேட் என்றால் ஏழு டன். ஒரு கிலோ கார்பனேட்டைக் கரைக்க ஏறக்குறைய இரண்டு கிலோ சல்ஃபாமிக் அமிலம் வேண்டும். பதினான்கு டன் அமிலம். அதிலிருந்து கிளம்பும் கார்பன் டைஆக்ஸைடு மூன்று டன். மேல் வெண்ட் சிறியதாக இருந்தால் வாட்டர் பாக்ஸில் வாயு அடைத்து மேல் ட்யூப்களுக்கு அமிலமே போகாது. கீழ் ட்யூப்கள் கரைந்து முடிந்து பித்தளையைத் தின்னத் தொடங்கியிருக்கும். முதலில் இயந்திரத்தால் எடுக்க முடிந்ததை எடுங்கள். மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும் அமிலம்.


ஹாட்வெல்:

நீர்வேதி பக்கம்தான் நானும். அரை மில்லிமீட்டர் கார்பனேட்டை ஸ்கிரேப்பர் புல்லட் எடுத்துவிடும். செய்யும் வரிசை:

வாட்டர் பாக்ஸ் இரண்டு பாதியாகப் பிரிந்திருந்தால் யூனிட்டை நிறுத்த வேண்டியதில்லை. லோடை 60 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். சுத்தம் செய்யப்போகும் பாதியின் காற்று இழுக்கும் வால்வை முதலில் மூடுங்கள். அதன் பிறகே அந்தப் பாதியின் தண்ணீரை மூடி வடிக்க வேண்டும். வரிசை மாறினால் குளிராத ட்யூப்களைத் தாண்டி ஸ்டீம் நேராக எஜெக்டருக்குப் போகும், வேக்யூம் நின்ற இடத்தில் விழும். உள்ளே ஆள் இறங்கும் முன் வால்வுகளுக்குப் பூட்டு, காற்றுச் சோதனை, வெளியே ஒரு காவலாள். ட்யூபில் ஓட்டை இருந்தால் உள்ளே காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்த ட்யூப்களுக்கு அப்போதே அடையாளம் போட்டு வையுங்கள்.

புல்லட்டை 15 முதல் 20 பார் தண்ணீரால் தள்ள வேண்டும். எஃகு பிரஷ் வேண்டாம், பித்தளையின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தையும் உரித்துவிடும். எத்தனை புல்லட் உள்ளே போனதோ அத்தனையும் மறுபக்கம் வந்ததா என்று எண்ணுங்கள். ஒன்று நடுவில் நின்றாலும் அந்த ட்யூபில் ஓட்டம் நிற்கும். முதல் ஐம்பது ட்யூபில் வந்த படிவைத் தனித்தனியாகப் பிடித்து எடை போட்டால், மொத்தம் எவ்வளவு என்பதும், இரண்டாவது சுற்று வேண்டுமா என்பதும் தெரியும்.

திறந்ததும் இன்லெட் ட்யூப் ஷீட்டையும் பாருங்கள். வாட்டர் பாக்ஸ் அழுத்த வித்தியாசமும் டிஸ்சார்ஜ் அழுத்தமும் சேர்ந்து ஏறியிருப்பதால் பம்பில் குறை இல்லை, வழியில் அடைப்பு. படிவு மட்டுமே 8 சதவீத ஓட்டத்தைக் குறைத்திருக்காது. டவரிலிருந்து பெயர்ந்த ஃபில் துண்டு, உடைந்த நாசில், இலை என்று ட்யூப் வாயில் நிற்கும். நாசில் உடைந்திருந்தால் அப்ரோச்சில் போன அந்த ஒரு டிகிரிக்கும் காரணம் கிடைத்துவிடும். ஃபில் மொத்தமும் மாற்றுவதற்கு முன், எந்த செல்லில் தண்ணீர் சீராக விழவில்லை என்று கீழே நின்று பாருங்கள்.

ஸ்பாஞ்ச் பந்து அமைப்பு இருந்தால் சுத்தம் செய்த பிறகே ஓட்டுங்கள். பந்து ட்யூபின் உள்விட்டத்தை விட 1 முதல் 2 மில்லிமீட்டர் பெரியதாக இருக்க வேண்டும். தேய்ந்து உள்விட்டத்துக்குச் சமமாகிவிட்ட பந்து சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றையும் துடைக்காது. பந்து எண்ணிக்கை சரி, அளவு தப்பு என்ற நிலையில் ஓடும் யூனிட்கள் நிறைய.


பழைய_ரோட்டர்:

மூன்றாவது கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

தம்பி, ஸ்டீமை அப்படியே திருப்பி அனுப்புவது பற்றி. 0.085 பாரில் ஒரு கிலோ ஸ்டீம் 17 கன மீட்டர் இடம் பிடிக்கும். உங்கள் எக்ஸாஸ்ட்டில் நொடிக்கு 700 கன மீட்டருக்கு மேல் வருகிறது. அதை பாய்லர் அழுத்தத்துக்குச் சுருக்கும் கம்ப்ரெசர், டர்பைன் தந்த அத்தனையையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். அதே ஸ்டீமைத் தண்ணீராக்கினால் நொடிக்கு 47 லிட்டர். தண்ணீரை 100 பாருக்கு மேல் தள்ள ஃபீட் பம்புக்கு ஒரு மெகாவாட் அளவு போதும். 60 மெகாவாட் யூனிட்டை ஒரு மெகாவாட் பம்பால் ஓட்ட முடிவதற்குக் கண்டன்சரில் கொடுக்கும் விலைதான் அந்த 104 மெகாவாட் வெப்பம். ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை வாங்கியது தனிக் கண்டன்சருக்குத்தான். குளிர்விக்கும் இடத்தை சிலிண்டரிலிருந்து பிரித்ததே அவர் எஞ்சினை மாற்றியது.

அந்த 104 மெகாவாட்டை எடுத்துப் பயன்படுத்துவது? அளவு பெரியது, தரம் மட்டம். 42.7 டிகிரியில் உள்ள வெப்பத்தை 30 டிகிரிக்கு இறக்கி மின்சாரம் எடுத்தால், குறையே இல்லாத இயந்திரத்துக்குக் கூட 4 சதவீதம்தான்: 4 மெகாவாட். நிஜ இயந்திரம் அதில் கால் பங்கு கொடுத்தால் பெரிது. கூலிங் வாட்டர் பம்பே கிட்டத்தட்ட அவ்வளவு தின்னும்.

வெப்பமாகவே வேண்டும் என்றால் டவரில் கைவைக்காமல் டர்பைன் நடுவிலிருந்து எடுங்கள். 1 பார் அளவில் பிளீட் எடுத்து 90 டிகிரி தண்ணீர் தயாரித்தால், ஒரு மெகாவாட் மின்சாரத்தை இழந்து 6, 7 மெகாவாட் வெப்பம் வாங்கலாம். டென்மார்க்கிலும் ஹெல்சின்கியிலும் நகரம் முழுக்க வீடுகளைச் சூடாக்கியதில் பெரும்பங்கு நீண்ட காலம் இப்படி மின் உற்பத்தியோடு சேர்த்து எடுத்த வெப்பமாக இருந்தது. பக்கத்தில் வெப்பம் வாங்குபவர், அதுவும் ஆண்டு முழுக்க வாங்குபவர் இருந்தால் மட்டுமே கணக்கு நிற்கும். 40 டிகிரி தண்ணீரை அப்படியே ஏற்பவை பசுமைக்குடில், மீன் குளம், குறைந்த அழுத்தத்தில் கடல்நீரைக் காய்ச்சும் ஆலை போன்றவை. அவை நூற்று நான்கில் ஒரு ஓரத்தைத்தான் தொடும்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க நினைத்தால் பாய்லர் பக்கம் போங்கள். புகைவாயுவை 20 முதல் 22 டிகிரி குறைத்தால் பாய்லர் திறனில் ஒரு சதவீதம் ஏறும். புகையிலுள்ள அமிலம் துளியாகப் படியும் வெப்பநிலைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபீட் ஹீட்டர்களுக்குப் போகும் அந்த 65 டன் பிளீட் ஸ்டீம் தன் உள்ளுறை வெப்பத்தை டவருக்குக் கொடுக்காமல் பாய்லருக்கே திருப்பித் தருகிறது. ஒரு ஹீட்டர் பைபாஸில் கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.


இரவு_ஷிஃப்ட்:

மீட்டருக்குப் பின்னால் சர்வீஸ் வாட்டர் டேங்குக்கு ஒரு கிளை இருக்கிறது, வால்வு திறந்தே கிடந்தது. நன்றி. முதல் பாதியைத் திறக்கத் தேதி குறித்தாகிவிட்டது.

இன்னும் இரண்டு. தண்ணீரே வேண்டாம் என்று காற்றால் குளிர்விக்கும் கண்டன்சர் போடுகிறார்களே, அதில் இந்தத் தொல்லை இல்லையா? சுத்தம் செய்த பிறகு குளிர் மாதங்களில் எல்லா விசிறியையும் ஓட்டலாமா?


பழைய_ரோட்டர்:

தண்ணீர்த் தொல்லை இல்லை, வேறு தொல்லை. ஈர டவர் வெட் பல்பைத் துரத்துகிறது. ஏர் கூல்டு கண்டன்சர் வெறும் காற்று வெப்பநிலையைத் துரத்த வேண்டும், அதற்கு மேல் இருபது, இருபத்தைந்து டிகிரி இடைவெளியும் வேண்டும். காற்று 40 டிகிரி இருந்தால் ஸ்டீம் 60-ஐத் தாண்டும், அதாவது 0.2 பார். நீங்கள் இப்போது கவலைப்படும் 0.13 அங்கே நல்ல நாள். காற்று திசை மாறி விசிறி விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சினால் சில நிமிடத்தில் வேக்யூம் ஆடும். கசிவு தேட வேண்டிய வெல்டிங் நீளமும் பல மடங்கு. தண்ணீர் கிடைக்காத இடத்தில் இதற்கு மாற்று இல்லை என்பதும் உண்மை: தென்னாப்பிரிக்காவின் மட்டிம்பாவில் 665 மெகாவாட் யூனிட் ஆறும் இப்படித்தான் ஓடுகின்றன.


ஹாட்வெல்:

விசிறி பற்றி. வேக்யூம் எவ்வளவு நன்றாகிறதோ அவ்வளவு மெகாவாட் என்று ஓர் எல்லை வரைதான் போகும். கடைசி வரிசை பிளேடு வழியாகப் போகும் ஸ்டீமின் வேகம் சோக் நிலையைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு அழுத்தம் இறங்கினாலும் டர்பைன் கூடுதலாக எதுவும் தராது. ஹாட்வெல் தண்ணீர் மட்டும் குளிர்ந்து போகும்; அதைச் சூடாக்க முதல் எல்.பி. ஹீட்டர் இன்னும் அதிக ஸ்டீமை இழுக்கும். நிகரக் கணக்கில் நஷ்டம்.

கண்டுபிடிக்கச் சோதனை ஒன்றே போதும். கன்ட்ரோல் வால்வை ஒரே திறப்பில் பூட்டி, மெயின் ஸ்டீம் அழுத்தம், வெப்பநிலை நிலையாக இருக்கும்போது ஒரு விசிறியை நிறுத்துங்கள். பேசின் தண்ணீர் சுற்றி வந்து நிலைப்படும் வரை, அரை மணி நேரமாவது, காத்திருங்கள். மெகாவாட் குறைந்த அளவு அந்த விசிறி மோட்டார் தின்னும் அளவை விடச் சிறியது என்றால், அந்த விசிறி நிற்கட்டும். அடுத்ததை நிறுத்திப் பாருங்கள்.